ஓவியருக்கு வெளியே வேலை இருக்கிறது
(கவின்கலைக் கல்லூரிப் பட்டமளிப்பு விழா உரை)



கலையின் மேன்மையைப் பற்றி உங்கள் ஆசிரியர்கள் போதிய அளவு சொல்லியிருப்பார்கள். நான் வேலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "படம் போடப் படிச்சுட்டு என்ன வேலைக்குப் போவே?" என்ற கேள்வியை நீங்கள் ஒவ்வொருவரும் வீட்டில் கேட்டிருப்பீர்கள். பெற்றோர் அறியாமையால் கேட்கும் கேள்வி என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள். கடன் வாங்கியும் நகையை அடகு வைத்தும் படிக்க வைத்தவர்களுக்கு அதைக் கேட்க உரிமை உண்டு. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எங்களைப் போன்ற மூத்தவர்களுக்கு இருக்கிறது.

பிழைப்புக்காகச் செய்யும் வேலை ஓவியனின் கையைக் கெடுத்துவிடும் என்று நம் கல்லூரி வளாகங்களில் ஒரு நம்பிக்கை நெடுநாளாக உலவுகிறது. கேலரியில் மாட்டும் படம்தான் கலை, மற்றதெல்லாம் வயிற்றுப்பாடு என்கிறார்கள். நான் இதை முழுமையாக மறுக்கிறேன். நம் மண்ணின் நவீன ஓவிய வரலாறே இதை மறுக்கிறது.

சென்னை ஓவியக் கல்லூரியை 1850இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர். நூறு ஆண்டுகளுக்கும் மேல் கடந்தபின் அங்கே முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் ஒன்றைக் கவனித்தார். நன்றாக வரைந்துகொண்டிருந்த மாணவர்கள் படிப்பு முடிந்ததும் கிடைத்த உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள், சில ஆண்டுகளில் தூரிகையையே தொடுவதில்லை. அவரும் அவரைச் சுற்றியிருந்த இளைஞர்களும் கண்ட வழி பத்திக். மெழுகை உருக்கித் துணியில் தூரிகையால் தீட்டுவார்கள், துணியைச் சாயத்தில் முக்குவார்கள், மெழுகு பிடித்த இடம் மட்டும் பழைய நிறத்திலேயே நிற்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் மறுபடி மெழுகு, மறுபடி சாயம். கடைசியில் வெந்நீரில் மெழுகை எடுத்துவிட்டால், மெழுகு வெடித்த இடங்களில் சாயம் இறங்கி மெல்லிய கோடுகளாகப் படிந்திருக்கும். கையும் கண்ணும் தேர்ந்தவர்களுக்குத்தான் அந்தக் கோடுகள் வசப்படும். அப்படிச் செய்த பத்திக் துணிகளையும் மற்றக் கைவினைப் பொருள்களையும் கண்காட்சி வைத்து விற்றார்கள். அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர நிலம் வாங்கினார்கள். 1966இல் அங்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். சென்னை நவீன ஓவியத்தின் மிக முக்கியமான சில படங்கள் வரையப்பட்ட இடத்துக்கு விலை கொடுத்தது துணிச் சாயம். பகலில் கைவினை செய்தவர்கள் தங்கள் ஓவியத்தைக் கைவிடவில்லை. வாங்குகிறவருக்கும் அரசுக்கும் காத்திருக்காமல் தங்களுக்கென்று சுதந்திரமான ஓர் இடத்தை அவர்களே சம்பாதித்துக்கொண்டார்கள்.

ஓவியர் கே.எம். ஆதிமூலம் பல ஆண்டுகள் நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராக வேலை பார்த்தார். ரெட்டப்ப நாயுடுவும் அங்கே பணியாற்றியவர்தான். கைத்தறிப் புடவையின் உடலுக்கும் முந்தானைக்கும் கோலம் வரைந்துகொடுத்த அதே கைகள்தாம் இந்திய ஓவிய வரலாற்றில் இடம்பெற்ற கோடுகளையும் வரைந்தன. ஆதிமூலம் நம் சிற்றிதழ்களுக்கும் புத்தகங்களுக்கும் எழுதித் தந்த தலைப்பெழுத்துகளைத் தமிழ் வாசகர்கள் பெயர் தெரியாமலே பார்த்துப் பழகியிருக்கிறார்கள். தமிழ் எழுத்தின் வளைவுக்குள் இத்தனை உரம் இருக்கிறது என்று எனக்குக் காட்டியவர் அவர்.

சினிமாவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, நீங்களே அறிவீர்கள். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த தோட்டா தரணி 'நாயகன்' படத்துக்காகத் தாராவியையே சென்னை ஸ்டுடியோவுக்குள் எழுப்பித் தேசிய விருது பெற்றார். அங்கே படித்த பி. கிருஷ்ணமூர்த்தி 'பாரதி' படத்தின் காலத்தைக் கட்டி எழுப்பியதற்காகத் தேசிய விருது வாங்கினார். இருவரும் அடிப்படையில் ஓவியர்கள்.

ஓவியருக்கு வேலை என்று விளம்பரம் வராத இடங்களில்தான் ஓவியருக்கு வேலை அதிகம் இருக்கிறது. அவற்றுள் ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கீழடி, சிவகளை, ஆதிச்சநல்லூர், கொற்கை என்று அகழாய்வுக் குழிகளிலிருந்து பானை ஓடுகள் மூட்டை மூட்டையாக வருகின்றன. புகைப்படம் எடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. உடைந்த வாய்விளிம்பு ஒன்று கையில் கிடைத்தால், வட்டங்கள் வரைந்த தாளின் மேல் அதைக் கவிழ்த்துவைத்து எந்த வட்டத்தோடு ஒட்டுகிறது என்று பார்க்க வேண்டும். அதிலிருந்து முழுப்பானையின் வாய் எவ்வளவு அகலம் என்று தெரியும். பிறகு தடிமனை அளந்து, நடுவில் ஒரு செங்குத்துக்கோடு போட்டு, ஒரு பாதியில் பானையின் வெட்டுமுகத்தையும் மறு பாதியில் வெளித்தோற்றத்தையும் வரைய வேண்டும். விளிம்பு வெளியே மடிந்திருக்கிறதா, உள்ளே சாய்ந்திருக்கிறதா, கழுத்தில் வரித்தடம் ஓடுகிறதா என்பதெல்லாம் அந்த ஒரே படத்தில் தெரிந்துவிடும். வேறு ஊரில் கிடைத்த பானையோடு ஒப்பிட்டுக் காலத்தைக் கணிக்க ஆய்வாளருக்கு அந்தப் படம்தான் சான்று. ஓட்டின் மேல் கீறல் குறியீடு இருந்தால் அதன் ஒவ்வொரு கீறலையும் உள்ளது உள்ளபடி வரைய வேண்டும். கீறியவன் எந்தக் கோட்டை முதலில் போட்டான், எந்தக் கோடு அதைக் கடந்து போனது என்று பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். கோடு வரைந்து பழகிய உங்களுக்கு அந்தக் கண் இருக்கிறது. தமிழ்நாட்டில் கிடைத்த 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கீறல் ஓடுகளைச் சிந்துவெளிக் குறிகளோடு ஒப்பிடும் ஆய்வை நம் தொல்லியல் துறை 2025இல் வெளியிட்டது. இத்தகைய ஆய்வுகளுக்கு அடியில் ஆயிரக்கணக்கான கோட்டுப்படங்கள் இருக்கின்றன. இந்த வேலைக்கு நம் பட்டதாரிகள் தாமாகக் கதவைத் தட்டுவது மிகக் குறைவு. தொல்லியல் துறை உள்ள பல்கலைக்கழகத்துக்குப் போய், ஒரு பருவம் உடனிருந்து கற்றுக்கொள்கிறேன் என்று கேளுங்கள். அருங்காட்சியகங்களில் காட்சிப் பலகையும் மாதிரி உருவமும் செய்யவும் இந்தப் பயிற்சி கைகொடுக்கும்.

இன்னொரு வாசல் குழந்தைப் புத்தகம். சென்னையின் தாரா புக்ஸ் கையால் செய்த தாளில், ஸ்கிரீன் பிரிண்டில் ஒவ்வொரு நிறமாக அச்சிட்டு எடுக்கும் புத்தகங்கள் உலகெங்கும் போகின்றன. மத்தியப் பிரதேசத்துக் கோண்ட் ஓவியர் பஜ்ஜு ஷியாம் போபாலில் இரவுக் காவலாளியாகவும் இருந்தவர். லண்டனில் ஓர் இந்திய உணவகத்துச் சுவரில் ஓவியம் தீட்டும் வேலை கிடைத்துப் போனார். அந்த ஊரைத் தன் காட்டின் கண்ணால் பார்த்து வரைந்த படங்கள் தாரா வெளியீடாக 'லண்டன் ஜங்கிள் புக்' என்று 2004இல் வந்தன. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. உணவகத்துச் சுவர்தானே என்று அவர் அந்த வேலையைத் தள்ளியிருந்தால் அந்தப் புத்தகமே இல்லை.

அடுத்து, உங்கள் சொந்த ஓவியத்தைத் தொடர்வதற்கான உதவிகள். சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையம் இருக்கிறது. சிற்பத்துக்கும் அச்சுக்கலைக்கும் சுடுமண்ணுக்கும் அங்கே பணிக்கூடங்கள் உண்டு. எட்சிங் பிரஸ் வாங்க வசதியில்லை என்று அச்சுக்கலையையே விட்டுவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதலில் அங்கே போய்க் கேளுங்கள். மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையுள்ள இளங்கலைஞர்களுக்கு இரண்டாண்டு உதவித்தொகை தருகிறது. டெல்லியில் 1997இல் தொடங்கிய கோஜ் அமைப்பு, படிப்பு முடித்த இளைஞர்களுக்கென்றே 'பீர்ஸ்' என்ற தங்கிப் பணிபுரியும் முகாமைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறது. கொச்சி பினாலே கலைக் கண்காட்சியில் 2014 முதல் மாணவர்களுக்குத் தனியாக ஒரு பினாலே நடக்கிறது. இங்கிலாந்து போக விரும்புகிறவர்களுக்குச் சார்லஸ் வாலஸ் அறக்கட்டளை இருக்கிறது. பெங்களூரில் உள்ள இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் கலைத் திட்டங்களுக்கு நல்கை கொடுக்கிறது. இந்த அமைப்புக்குத் தமிழிலேயே விண்ணப்பம் எழுதலாம்! ஆங்கிலம் வராது என்பதால் விண்ணப்பிக்காமல் இருக்கும் பிள்ளைகள் இதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பங்களைப் படித்துப் பார்க்கும் வேலை எனக்கும் வாய்த்திருக்கிறது. நல்ல ஓவியர்கள் பலர் படத்தால் தோற்பதில்லை, படத்தின் புகைப்படத்தால் தோற்கிறார்கள். டியூப்லைட் வெளிச்சம் கண்ணாடியில் பளிச்சென்று அடிக்கும், சட்டம் கோணலாக இருக்கும், ஓரத்தில் ஒரு கட்டிலின் கால் தெரியும். காலையில் நிழலான இடத்தில், சட்டத்தைக் கழற்றிவிட்டு, நேர் எதிரே நின்று எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு நான்கையும் எழுதி வையுங்கள். குறிப்பு எழுதும்போது மனித வாழ்வின் ஆழத்தைத் தேடுகிறேன் என்பது போன்ற வாக்கியங்கள் வேண்டாம். உங்கள் ஊர் உப்பளத்தில் பெண்களின் பாதம் எப்படி வெடிக்கிறது என்று வரைகிறீர்களா, அதை எழுதுங்கள். படிப்பவருக்கு உங்களைத் தெரிந்துவிடும்.

வேலை கிடைத்த மகிழ்ச்சியில் காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இது எனக்கு மிகுந்த வேதனை தரும் விஷயம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்துச் சொல்லி வரைவித்த ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். உரிமையை நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டுமானால் தொடங்கும் முன்பே எழுதி வாங்க வேண்டும். உரிமையை ஒருவருக்கு எழுதிக் கொடுக்கும்போது எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை ஐந்தாண்டு என்று கொள்கிறது. அட்டைப்படமாக வரைந்தது நாட்காட்டியிலும் தேநீர்க் கோப்பையிலும் வருமா, வந்தால் தனித்தொகை உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

சட்டத்தின் 57ஆம் பிரிவு இன்னொரு உரிமையையும் தருகிறது. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்குப் பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச்சிற்பம் செய்தார். 1979இல் அதைப் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். சிற்பம் அரசின் உடைமையாக இருந்தாலும் அதைச் சிதைக்கும் உரிமை அரசுக்கு இல்லை என்று 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மிச்சத்தை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. விற்ற பிறகும் உங்கள் படைப்போடு உங்களுக்கு உறவு உண்டு என்று ஒரு சிற்பி நம் எல்லோருக்காகவும் நீதிமன்றத்தில் நின்று வாங்கித் தந்த தீர்ப்பு இது.

பேராசிரியர்களிடம் ஒரு கோரிக்கை. எந்த உதவித்தொகைக்கு எப்போது கடைசித் தேதி என்று ஒரு பலகையைத் துறை வாசலில் வையுங்கள். கடைசி ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு விண்ணப்பமாவது எழுதி அனுப்பிவிட்டே வெளியேறட்டும். தேர்வுத்தாள் திருத்துவதுபோல அதையும் உட்கார்ந்து திருத்திக் கொடுங்கள்.

கடைசியாகப் பெற்றோர்களிடம், அதிலும் பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் பேச வேண்டும். வகுப்பிலேயே சிறப்பாக வரைந்த பெண்கள் பலர் பட்டம் வாங்கிய அடுத்த ஆண்டிலேயே வரைவதை நிறுத்திவிடுகிறார்கள். திறமை குறைந்து நிறுத்துவதில்லை. ஊர் விட்டு ஊர் போய்த் தங்க வீட்டில் சம்மதம் கிடைப்பதில்லை. நான் சொன்ன வாய்ப்புகளில் பாதிக்கு மேல் வெளியூரில்தான் இருக்கின்றன. தங்கும் இடம் எது, பொறுப்பாளர் யார், உடன் வருகிறவர்கள் யார் என்று அமைப்பாளர்களிடம் நீங்களே தொலைபேசியில் பேசுங்கள், வேண்டுமானால் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து வாருங்கள். மனம் நிறைந்தால், டெல்லிக்கோ கொச்சிக்கோ உங்கள் மகளுக்கு அழைப்பு வரும் நாளில், அவளை அனுப்பி வையுங்கள்.

பட்டம் பெறும் எல்லோருக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள்.