விளையாட்டை வருணிப்போர்



நான் தலைமையாசிரியனாக இருந்த நாளில், 'பிற்காலத்தில் என்ன ஆகப்போகிறாய்?' என்று வகுப்பில் கேட்டால், மருத்துவர், பொறியாளர் என்னும் விடைகளோடு, 'கிரிக்கெட் வருணனையாளர்' என்ற விடையும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறையேனும் வரும். மற்றப் பிள்ளைகள் நகைப்பார்கள். நான் நகைத்ததில்லை. களத்தில் நிகழ்வதைக் களத்துக்கு அப்பால் இருப்பவர்க்கு எடுத்துரைப்பது நம் இலக்கியம் அறியாத தொழில் அன்று. கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்திலிருந்து வந்த பேய் ஒன்று, அங்கு நிகழ்ந்தவற்றைக் காளிக்குக் கூறுகிறது. செயங்கொண்டார் கலிங்கப் போரை நமக்குக் காட்டுவது அப்பேயின் வாய்மொழியாகவே. அப்பேய்க்குச் சம்பளம் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. இக்காலத்து வருணனையாளருக்கு இரண்டும் உண்டு. ஆகவே, அவருடைய சொல்லை எந்த அளவுக்கு நம்பலாம் என்னும் கேள்வியும் உடன் எழுகிறது. அக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டே, இத்தொழிலில் பெயர் பெற்ற சிலரைப் பற்றி இங்குப் பேச எண்ணுகிறேன்.

விளையாட்டை வானொலியில் நேரடியாகச் சொல்லும் வழக்கம் அமெரிக்காவில் 1921ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. முதலில் குத்துச்சண்டை, பிறகு பேஸ்பால். இங்கிலாந்தில் பி.பி.சி. நிறுவனம் 1927 ஜனவரி 15ஆம் நாள், டுவிக்கன்ஹாம் மைதானத்தில் இங்கிலாந்தும் வேல்சும் மோதிய ரக்பி ஆட்டத்தை அஞ்சல் செய்தது. வருணித்தவர் வேக்லம் என்னும் முன்னாள் ஆட்டக்காரர். அதற்கு முன் அந்நாட்டில் எவரும் செய்யாத வேலை. எப்படிப் பேசுவது என்று கற்பிக்க ஆளில்லை. ஆதலால் ஒலிபரப்பாளர்கள் ஓர் அரிய உபாயம் செய்தனர். கண்பார்வை இழந்த ஒருவரை அழைத்து வந்து வேக்லமுக்கு எதிரே உட்கார வைத்தனர். 'இவருக்கு ஆட்டம் விளங்கும்படி சொல்லுங்கள். அது போதும்' என்பதே அவருக்குக் கிடைத்த பயிற்சி! ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் ஓராண்டு படித்த பாடத்தை அவர்கள் ஒரே ஏற்பாட்டில் அடக்கிவிட்டார்கள் என்று நான் வியப்பதுண்டு. அந்தக் கூண்டுக்குள், வாய் தவறியும் வசைச்சொல் வரலாகாது என்று எழுதிய அட்டை ஒன்றும் தொங்கியதாம். அடுத்த வாரம் ஆர்சனல் மைதானத்தில் நடந்த கால்பந்தாட்டத்தின்போது, களத்தை எண்ணிட்ட கட்டங்களாகப் பிரித்த படம் வானொலி இதழில் அச்சாயிற்று. பந்து இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்க, நேயர்கள் படத்தைப் பார்த்துப் பின்தொடர்ந்தனர்.

கண்டதைச் சொல்வது ஒருபுறம் இருக்க, காணாததைக் கண்டதுபோல் சொன்ன காலமும் ஒன்று உண்டு. 1938இல் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்தில் ஆடியபோது, சிட்னி நிலையத்தில் அமர்ந்தபடியே அங்குள்ள வருணனையாளர்கள் ஆட்டத்தைச் 'செய்து' காட்டினார்கள். இங்கிலாந்திலிருந்து சுருக்கெழுத்தில் தந்தி வரும். ஒருவர் அதை விரித்து எழுதுவார். வருணனையாளர் அதைப் பார்த்துப் பேசிக்கொண்டே, மட்டையில் பந்து படும் ஓசைக்காக மரக்கட்டையைப் பென்சிலால் தட்டுவார். கூட்டத்தின் ஆரவாரம் இசைத்தட்டிலிருந்து எழும். நள்ளிரவில் கண் விழித்து ஆஸ்திரேலியா முழுவதும் கேட்டது. அவ்வாறு பேசியவர்களுள் ஒருவராகிய ஆலன் மக்கில்வரே, நியூ சவுத் வேல்ஸ் அணிக்குத் தலைமை தாங்கியவர். 1985 வரை வருணனையில் நிலைத்திருந்தவர்.

இது ஏமாற்று வேலையா? என் கருத்தில் அன்று. தந்தியில் வந்தது உண்மை. மரக்கட்டை அதற்கு அணி. ஆனால் அணிக்கும் பொய்க்கும் நடுவே உள்ள கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை வழங்குகிறது. 1930களில் அயோவா மாநில வானொலி நிலையம் ஒன்றில் இளைஞர் ஒருவர் தந்தியைப் பார்த்துப் பேஸ்பால் ஆட்டங்களை வருணித்து வந்தார். ஒருநாள் நடுவில் தந்தி அறுந்துபோயிற்று. அதைச் சொல்லிவிட்டால் நேயர்கள் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடுவார்கள். ஆகவே மட்டையாளர் பந்தைக் கோட்டுக்கு வெளியே அடித்தார், மீண்டும் வெளியே அடித்தார் என்று பல நிமிடங்கள் கற்பனையாகவே ஓட்டினார். அத்தகைய அடி கணக்கில் பெரிதாக ஏறாது என்பது அவர் கண்ட வசதி. தந்தி திரும்பியபோது, அம்மட்டையாளர் முதல் பந்திலேயே ஆட்டமிழந்துவிட்டார் என்று தெரிந்ததாம்! இதைப் பிற்காலத்தில் நகைத்தபடி சொன்னவர் அவரேதான். அவர் பெயர் ரொனால்டு ரீகன். 1981இல் அந்நாட்டின் குடியரசுத் தலைவரானார். கதை சுவையானது. எனினும் நம்பிக் காது கொடுத்தவர்களை எண்ணும்போது எனக்கு முழுமனத்தோடு நகைக்க இயலவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 1930களில் பம்பாயில் கிரிக்கெட் வருணனைக்கு வழி வகுத்தவர் பாபி தல்யார்கான். காலை முதல் மாலை வரை தாம் ஒருவரே பேசுவார். ஒலிவாங்கியைப் பிறரோடு பகிர்ந்துகொள்ள உடன்படமாட்டார். வானொலி பலரை அமர்த்தும் முறையைக் கைக்கொண்டபோது, 1940களின் இறுதியில் விலகிக்கொண்டார். ஆற்றல் மிக்கவர்தாம், ஆயினும் நாள் முழுவதும் ஒரே குரலைக் கேட்ட நேயர்களின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஜஸ்தேவ் சிங் வேறு வகை. 1948இல் காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தை மெல்வில் டி மெல்லோ மணிக்கணக்கில் ஆங்கிலத்தில் வருணித்ததைக் கேட்டு, இந்தியில் அவ்வாறு பேசத் தாமும் உறுதி பூண்டவர். 1955இல் ஜெய்ப்பூர் வானொலியில் சேர்ந்தார். 1975 மார்ச் 15ஆம் நாள் கோலாலம்பூரில் உலகக் கோப்பை ஹாக்கி இறுதியாட்டம். நான் அப்போது கோவில்பட்டியில் பள்ளி மாணவன். எங்கள் ஊரில் ஹாக்கி மட்டையைத் தொடாத பையனைக் காண்பது அரிது. ஒரு தேநீர்க் கடையின் முன் ஐம்பது பேர் நின்றோம். சென்னையைச் சேர்ந்த வி. ஜே. பிலிப்ஸ் அணியில் இருந்தது எங்களுக்குத் தனிப் பெருமை. எங்களில் இந்தி அறிந்தவர் ரயில்வே ஊழியர் ஒருவரே. ஆயினும் பந்து எதிரியின் வட்டத்தை நெருங்குவதும் விலகுவதும், அக்குரலின் வேகத்தாலேயே எங்களுக்குப் புலனாயின. பாகிஸ்தான் முதலில் ஒரு கோல் போட்டது. சுர்ஜித் சிங் சமன் செய்தார். பின்னர் அசோக் குமார் அடித்த பந்து கம்பத்தின் உட்புறம் பட்டு வெளியே தெறித்தது. கோல் இல்லை என்று பாகிஸ்தானியர் வாதிட்டனர். நடுவர் கோல் என்றார். இரண்டுக்கு ஒன்று என்று வென்றோம். அந்த ஒரு நொடியில் கடல் கடந்த கோடிப் பேருக்கும் கண் ஒருவருடையதே. 2018இல் அவர் மறைந்த செய்தி வந்தபோது, அக்கடை வாசலில் நின்றவர்களுள் எஞ்சிய இருவர் எனக்குத் தொலைபேசியில் பேசினர்.

தமிழிலும் இக்கலை வளர்ந்தது. சென்னை வானொலியில் அப்துல் ஜப்பார் போன்றோர் கிரிக்கெட்டைத் தமிழில் சொன்னபோது, பந்துவீச்சு, மட்டையாளர், ஆட்டமிழப்பு என்னும் சொற்கள் தெருப் பிள்ளைகளின் நாவிலும் ஏறின.

இனி, நான் முதன்மையாகக் கருதும் ஒருவர். ஜான் ஆர்லட் 1914இல் பேசிங்ஸ்டோக்கில் பிறந்தவர். சவுத்தாம்ப்டனில் பத்தாண்டுகளுக்கு மேல் காவல்துறையில் பணி செய்தவர். கவிதை எழுதும் காவலர்! அக்கவிதையே அவரைப் பி.பி.சி.க்குக் கொண்டு சேர்த்தது. 1946இல் பட்டோடி நவாப் தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து சென்றபோது, இந்திய நேயர்களுக்காகக் கீழை நாட்டு ஒலிபரப்புப் பிரிவுக்கு ஒரு வருணனையாளர் தேவைப்பட்டார், ஆர்லட் அமர்ந்தார். உலகம் போற்றிய அக்குரல் முதலில் பேசியது நம் நாட்டுக்காகத்தான் என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

1948-49இல் அவர் தென்னாப்பிரிக்கா சென்றார். நாட்டினுள் நுழையும் படிவத்தில் 'இனம்' என்ற இடத்தில் 'மனித இனம்' என்று எழுதினார் என்பர். அங்கு நிறவெறியை நேரில் கண்டார். பிற்பாடு, கேப் டவுனைச் சேர்ந்த பேசில் டி ஒலிவேரா என்னும் ஆட்டக்காரர், தம் நிறத்தின் காரணமாகத் தாய்நாட்டு அணியில் இடம் பெற இயலாமல் அவருக்குக் கடிதம் எழுதினார். ஆர்லட் முயன்று, 1960இல் இங்கிலாந்தில் ஒரு சங்கத்தில் அவருக்கு இடம் பெற்றுத் தந்தார். டி ஒலிவேரா இங்கிலாந்து அணிக்கே ஆடினார். 1968இல் ஓவல் மைதானத்தில் 158 ஓட்டங்கள் எடுத்தார். அவர் இடம்பெற்ற அணியை ஏற்கத் தென்னாப்பிரிக்க அரசு மறுக்கவே, அப்பயணம் கைவிடப்பட்டது. 1970இல் தென்னாப்பிரிக்க வெள்ளையர் அணி இங்கிலாந்துக்கு வரவிருந்தது. 'அந்த ஆட்டங்களை நான் வருணிக்க மாட்டேன்' என்று ஆர்லட் அறிவித்தார். தம் பிழைப்பையே பணயம் வைத்த சொல் அது. அரசாங்கம் தலையிட்டதால் அவ்வருகை நின்றது. பேசுவதற்கென்றே ஊதியம் பெறுபவர், பேச மறுத்ததால் ஒரு செய்தியைச் சொன்னார். 1980இல் லார்ட்ஸ் மைதானத்தில் அவருடைய கடைசி வருணனை முடிந்தது என்று ஒலிபெருக்கியில் அறிவித்ததும், கூட்டம் எழுந்து ஆரவாரித்தது; களத்தில் நின்ற ஆட்டக்காரர்களும் கைதட்டினார்கள்.

இப்போதோ வருணனைக் கூண்டில் பெரும்பாலும் முன்னாள் ஆட்டக்காரர்களே அமர்கிறார்கள். சம்பளம் தருவது பல வேளைகளில், ஆட்டத்தை நடத்தும் வாரியமே. 2013இல் ஆஸ்திரேலிய அணி இந்தியாவுக்கு வந்தபோது, அணித் தேர்வு, நிர்வாகம் போன்றவற்றைப் பற்றிப் பேசக்கூடாது என்ற நிபந்தனையை ஏற்காமல் இயன் சாப்பல் அந்த வாய்ப்பையே விட்டுவிட்டார். ஹர்ஷா போக்ளே என்பவரை நீங்கள் அறிவீர்கள். பெரிய ஆட்டக்காரர் அல்லர். வேதிப் பொறியியல் படித்தவர். பத்தொன்பதாம் வயதில் ஐதராபாத் வானொலியில் தொடங்கி, சொல்லின் வன்மையாலேயே உயர்ந்தவர். 2016இல் ஐ.பி.எல். ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன் அவர் திடீரென நீக்கப்பட்டார். காரணம் அவருக்கே சொல்லப்படவில்லை. சில ஆண்டுகளுக்குள் அதே கூண்டுக்கு மீண்டும் அழைக்கப்பட்டார். அப்போதும் விளக்கம் வரவில்லை.