சொல் தெளிந்தால் வழக்குத் தெளியும்

(தமிழ் மன்றத் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தேநீர்க் கடையிலும் தெருத் திண்ணையிலும் இன்று இரண்டு வழக்குகள் ஓயாது நடக்கின்றன. இணையத்தில் பணம் செலுத்துவது காப்பானதா என்பது ஒன்று; உலகம் சூடேறுகிறது என்பது மெய்யா என்பது மற்றொன்று. இரண்டிலும் குரல் உயர்கிறதேயன்றி முடிவு பிறப்பதில்லை. இரு வேறு பொருள்களை ஒரே சொல்லில் அடைத்துப் பேசுவதே இதற்கு அடிப்படை என்பது என் துணிபு.

முதலாவது, உலாவியில் முகவரிக்கு அருகே நின்ற பூட்டுப் படம். "பூட்டு இருக்கிறது, ஆகவே இது பாதுகாப்பான தளம்" என்று கற்றவரும் சொன்னார்கள். அப் பூட்டு உணர்த்தியது யாது? நும் கருவிக்கும் அம் முகவரிக்கும் இடையே செல்லும் செய்தி மறைமொழியாக்கப் பெற்றது. இடைவழியில் நிற்பவன் அதனைப் படிக்க இயலாது என்பதே. எதிர்முனையில் இருப்பவன் வணிகனா திருடனா என்பதை அது சொல்லவேயில்லை. திருடனுக்கு அரக்கிட்டு அனுப்பிய மடல், வழியிற் பிரிபடாமல் அவன் கைக்கே போய்ச் சேருமன்றோ?

இம் மறைமொழிக்குரிய சான்றிதழை 2015 முதல் 'லெட்சு என்கிரிப்டு' என்னும் அமைப்பு விலையின்றியே வழங்குகிறது. அதனால் நல்லோர்க்கும் நன்மை, ஏமாற்றுவோர்க்கும் எளிமை. அதற்கு முன்னரே, 2011-இல், சான்றிதழ் வழங்கும் நெதர்லாந்து நிறுவனமாகிய டிசிநோட்டாரினுள் கள்வர் புகுந்து, கூகுளின் பெயரிலேயே போலிச் சான்றிதழ் ஆக்கினர். ஈரான் நாட்டவர் பலரின் மடல்கள் வேவுக்கு ஆளாயின. அந் நிறுவனம் அவ்வாண்டே நொடித்தது. மக்கள் பூட்டைப் பிறழ உணர்வது கண்டு, 2023-இல் கூகுள் தன் குரோம் உலாவியினின்று அப் படத்தையே நீக்கிற்று.

எனவே 'பாதுகாப்பு' என்னும் ஒரு சொல்லை இரண்டாகப் பிரிப்போம். 'வழிக்காப்பு' வேறு, 'ஆட்சான்று' வேறு. முன்னதை உலாவி பார்த்துக்கொள்ளும். பின்னதை நாமே பார்த்தல் வேண்டும். வைப்பகத்தின் முகவரியை நாமே தட்டச்சிடுக, எழுத்தெண்ணிப் படிக்க, எவரோ விடுத்த இணைப்பைத் தொடற்க, உலாவியைக் காலந்தோறும் புதுப்பிக்க.

இரண்டாம் வழக்குக்கு வருவோம். மார்கழிக் குளிரில் போர்வையை இழுத்துக்கொண்டு, "எங்கே ஐயா உலகச் சூடு?" என்று ஒருவர் நகைக்கிறார். 2015-இல் சென்னையை மூழ்கடித்த வெள்ளத்தைக் காட்டி, "இதோ சான்று" என்கிறார் மற்றவர். இருவரும் பேசுவது வானிலை. வழக்கோ காலநிலை பற்றியது. ஒரு நாளின் செய்தி வானிலை. உலக வானிலை அமைப்பு காலநிலைக்குக் கொள்ளும் அளவு முப்பது ஆண்டு நிரவல். ஒரு நாட் குளிர் அதனைப் பொய்யாக்காது. ஒரு வெள்ளம் தனித்து நின்று மெய்யாக்கவும் செய்யாது.

மெய்யாக்குவது நீண்ட அளவை. ஞாலத்தினின்று வெளியேறும் வெப்பத்தைத் தடுத்து வைப்பது கரிவளி. அவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958 முதல் சார்லசு கீலிங்கு அதனை அளக்கத் தொடங்கினார். 1959-இல் காற்றின் பத்திலக்கம் பங்கில் ஏறத்தாழ 316 பங்காக இருந்தது, 2024-இல் 420-ஐக் கடந்தது. நிலக்கரியையும் கல்லெண்ணெயையும் மாந்தன் எரித்ததன் விளைவு இது. 1850–1900 ஆண்டுகளின் நிரவலினும் 2024-இன் உலக வெப்பம் ஏறத்தாழ ஒன்றரைப் பாகை மிகுந்திருந்தது. இது எவருடைய கருத்துமன்று, கணக்கு.

பெரியோர்களே! தூயதமிழ் வேண்டுமென்று நாம் சொல்வது செவியின்பத்திற்காக மட்டுமன்று, தெளிவாக எண்ணுவதற்காக. ஒரு சொல்லின் மயக்கத்தில் முதியவர் ஒருவரின் வாழ்நாட் சேமிப்புப் பறிபோகிறது. மற்றொரு சொல்லின் மயக்கத்தில் கடலோரச் சிற்றூர்களைக் காக்கும் பணி தள்ளிப் போகிறது. வானிலை, காலநிலை என இரு சொல் நம்மிடம் இருந்தும் ஒன்றன் இடத்தில் மற்றதை வைத்தால் குற்றம் மொழியினதன்று, நம்முடையது.

நாளை எவரேனும் உங்களிடம் வழக்கிட வந்தால், "நீங்கள் எப்பொருளில் இச் சொல்லை ஆள்கிறீர்கள்?" என்று முதற்கண் கேளுங்கள். பாதி வழக்கு அங்கேயே தீரும். மீதியை அளவை தீர்க்கும்.