வேலிப் பொட்டால் வரும் கறி

யாழ்ப்பாணத்தில் ஒரு கடையின் நண்டுக்கறி நல்லது என்று யாராவது சொன்னால், கேட்டவர் உடனே எழும்பிப் போய்விட மாட்டார். "ஆர் சொன்னது?" என்பார். பெயர் தெரிந்ததும், "அவையள் வீட்டில புளி கூட விடுறவையெல்லோ" என்று ஒரு சொல் விழும். பரிந்துரை அதோடு சரி. ஒருவர் வீட்டில் கை நனைத்துப் பார்த்தவர்தான் அவர் காட்டும் கடையை நம்புவார். குடாநாட்டில் நாக்குக்குச் சாட்சி சொல்வது வீட்டுச் சட்டிதான்.

அந்தத் தீர்ப்புகளில் மழுப்பல் குறைவு. "நல்லாயிருக்கு" என்று மட்டும் சொல்லி எழும்பினால், சமைத்தவருக்குச் சந்தேகம் வந்துவிடும். உப்புத் தூக்கல், புளி காணாது, உறைப்பு நிக்குது, தூள் பச்சை மணக்குது என்று குறை இன்ன இடத்தில் என்று குறித்துச் சொல்ல வேண்டும். இவற்றில் கடுமையானது தூளைப் பற்றிய குறை. செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை என்று சாமான்கள் எல்லா வீட்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எதை எவ்வளவு நேரம் வறுப்பது, மல்லியை எவ்வளவு கூட்டுவது என்பதில்தான் வீட்டுக்கு வீடு வித்தியாசம். மில்லில் அரைத்து வரும் தூளின் நிறத்தைப் பார்த்தே இன்னார் வீட்டுத் தூள் என்று சொல்லக்கூடிய ஆச்சிமார் ஊருக்கு ஊர் உண்டு. கூப்பிட்டுக் கேட்டால் சாமான்களைச் சொல்வார்கள். அளவு மட்டும் "கை கணக்குத்தான் பிள்ளை" என்று நின்றுவிடும்.

இந்தக் கைக்கணக்கு வெளியே பரவிய வழி வேலிப் பொட்டு. கிடுகு வேலியில் பக்கத்து வளவுக்குப் போய்வர விட்டிருந்த சின்ன இடைவெளிக்குத்தான் அந்தப் பெயர். மீன் கூடக் கிடைத்த நாளில் ஒரு கோப்பை சுறா வறை அதனூடாகப் போகும். மறுநாள் அதே கோப்பை முருங்கைக்காய்க் கறியோடு திரும்பி வரும். வெறுங் கோப்பையைத் திருப்பிக் கொடுப்பது மரியாதையில்லை. கறியோடு கூடவே செய்தியும் போகும்: இன்றைக்கு எந்தச் சந்தையில் மீன் மலிவு, எந்தக் கடைப் பனங்கட்டியில் கலப்பு, யார் வீட்டு அரியதரம் வாயில் கரைந்தது. கலியாணத்துக்கு முன் நல்ல நாள் பார்த்துப் பலகாரம் சுடக் கூடும் பெண்கள் மத்தியில் இந்தப் பேச்சு இன்னும் காரமாகும். பயற்றம் பணியாரத்துக்குப் பாகு பிந்திவிட்டதா, முறுக்குக்கு எண்ணெய் காய்ந்ததா என்று அங்கே நடக்கும் விசாரணைக்கு எந்த உணவு விமர்சகரும் ஈடில்லை. இன்று கிடுகு வேலி போன இடத்தில் மதில் எழும்பியிருக்கிறது. கோப்பை இப்போது படலையைச் சுற்றித்தான் வர வேண்டும்.

ஆனால் பகிர்ந்து உண்பதன் உச்சத்தைக் காண வேண்டுமானால் ஒடியல் கூழ்ப் பானைக்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். ஒரு ஆளுக்கென்று கூழ் காய்ச்சுவது நடக்காத காரியம். நண்டில் கொஞ்சம், றாலில் கொஞ்சம், கணவாய், மீன்தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு, ஒரு பிடி அரிசி, ஒரு பிடி முருங்கையிலை என்று எதை எவ்வளவு குறைத்துப் போட்டாலும் பானை பெரிதாகிவிடும். ஆகவே கூட்டாளிமார் பங்கு போடுவார்கள். ஒருவர் விடிய மீன் வாங்கப் பாசையூருக்கோ குருநகருக்கோ போவார். இன்னொருவர் விறகு பார்ப்பார். மூன்றாமவருக்கு வேலை ஒன்றும் இராது. அவர்தான் பானைக்குப் பக்கத்தில் நின்று புத்தி சொல்வார்.

கூழின் உயிர் மா. பனங்கொட்டையைப் பாத்தியில் புதைத்து, மார்கழி, தை அளவில் கிண்டி எடுக்கும் கிழங்கை அவிக்காமல் கிழித்துக் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். ஒடியலை இடித்த மாவில் ஒரு கசப்பு இருக்கும். அதைத் தண்ணீரில் ஊறவிட்டு, மா அடியில் தங்கியதும் மேல் தண்ணீரை வார்த்து, திரும்பவும் தண்ணீர் விட்டு இறக்க வேண்டும். எத்தனை தரம் என்பதில்தான் சண்டை. கசப்பு முழுதும் போனால் கூழ் மணம் இல்லாத கஞ்சியாகும். போகாவிட்டால் தொண்டையில் நிற்கும். கிழங்கும் கொட்டையும் அவிந்து, மீன் வெந்து, அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் சேர்ந்து கொதிக்கும்போது மாவைக் கரைத்து ஊற்றுவார்கள். அந்த நேரம் துடுப்பை விட்டால் கட்டி பட்டுவிடும். நல்ல கூழ் பிளாவில் வார்க்கும்போது இளக்கமாக இறங்கி, ஆற ஆற இறுகும். அதனால் பேசிக்கொண்டு பிந்தி வருபவருக்குக் கிடைப்பது கூழ் அல்ல, களி.

பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவைக் கையில் பிடித்து, நண்டுக்காலைக் கடித்துக்கொண்டு உறிஞ்சிக் குடிக்கும்போது பெரியவர், சின்னவர் என்ற வரிசை பார்க்க முடியாது. மரவள்ளி போட்ட கூழுக்குப் பிறகு இஞ்சித் தேத்தண்ணி குடிக்கக் கூடாது என்று யாராவது ஒருவர் கட்டாயம் நினைவூட்டுவார். இதே கூழ் ஆடிப்பிறப்பன்று வேறு வேடம் போடும். பச்சரிசி மா, பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி சேர்ந்து இனிப்பாகி, கொழுக்கட்டையோடு சுற்றத்துக்குப் போகும். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் அதைப் பற்றிக் குழந்தைகளுக்குப் பாடி வைத்ததால், கூழ் காய்ச்சாத வீட்டுப் பிள்ளைக்கும் அதன் சுவை பாட்டாகத் தெரியும்.

இவ்வளவும் புகழ்ச்சி. பங்கு போடும் வட்டம் எவ்வளவு பெரியது என்று கேட்டால் கதை மாறும். எல்லோருக்கும் எல்லார் வேலியிலும் பொட்டு இருக்கவில்லை. பனையில் ஏறிக் குருத்தோலை வெட்டித் தந்தவர், அந்த ஓலையில் கூழ் வார்த்த வளவுக்குள் சரிசமமாக இருந்து குடிக்க முடியாத காலம் நெடுநாள் நீடித்தது. 1924 இல் ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் தொடங்கிய, பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்று பெயர்பெற்ற அமைப்பு, சாதி பாராமல் ஒன்றாக இருந்து சாப்பிடும் சமபந்தியைக் கொள்கையாக எடுத்தபோது ஊரில் எழுந்த எதிர்ப்பு சின்னதல்ல. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 இல் வந்த பிறகும் தேநீர்க்கடை வாங்கில் உட்காரவும், மற்றவர் குடிக்கும் அதே மூக்குப்பேணியில் குடிக்கவும் 1960களின் பிற்பகுதி வரை போராட வேண்டியிருந்தது. யாழ்ப்பாணச் சாப்பாட்டின் பெருமை பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தை மெல்லத் தாண்டிப் போவது வழக்கம். தாண்டினால் பேச்சு அரைகுறையாகத்தான் நிற்கும்.

வட்டத்தைச் சில வேளை இடர்ப்பாடும் உடைத்தது. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் போரால் வலிகாமம் ஒரே இரவில் பெயர்ந்து தென்மராட்சிக்குள் வந்தபோது, ஒரு வளவில் பல குடும்பங்கள் தங்கின. எந்த வீட்டுத் தூள் என்று பார்க்க அப்போது யாருக்கும் வசதி இருக்கவில்லை. தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதிக் கோயில் முருகனை அன்னதானக் கந்தன் என்று அழைக்கும் ஊர் இது. அங்கே சோறு போடுபவர் வந்தவரின் பெயரைக் கேட்பதில்லை.

கடைகளுக்கு வருவோம். பரிந்துரைகளில் பழைய பெயர் நகரச் சந்தைப் பக்கத்து மலாயன் கபே. வாழையிலைச் சைவச் சாப்பாட்டுக்கும் வடைக்கும் பெயரெடுத்த கடை. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வீட்டில் மச்சம் தள்ளிப்போகும். கோயிலடிக்கு வந்தவர்கள் மங்கோஸ் சைவ உணவகத்திலோ ரியோ ஐஸ்கிறீம் கடையிலோ கூடுவார்கள். திருநெல்வேலியில் விவசாயத் திணைக்கள ஏற்பாட்டில் பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகம் இந்த வரிசையில் தனி. அப்பமும் தோசையும் குரக்கன் புட்டும் இலைக்கஞ்சியும் கண்முன்னே தயாராகும். விலையும் கையைக் கடிக்காது. வீட்டுப் பெண்ணின் கைக்கணக்குக்குச் சம்பளம் கிடைக்கும் இடம் என்பதால் அதற்கு ஒரு புள்ளி கூடவே போடலாம்.

போர் முடிந்த பின் தெற்கிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வரும் விருந்தினர் கேட்பது பெரும்பாலும் நண்டுக்கறி. அவர்களுக்காகச் சில கடைகள் மிளகாயை அள்ளிப் போட்டுச் சிவப்பாக்கி, அதுதான் யாழ்ப்பாண முறை என்று பரிமாறுகின்றன. ஊர்க்காரர் அதை ஒத்துக்கொள்வதில்லை. உறைப்பு என்பது நண்டின் இனிப்புக்குப் பின்னால் நிற்க வேண்டியது. முந்திக்கொண்டு வந்தால் கறி பிழை.

குடாநாட்டைத் தாண்டியும் இந்தத் தீர்ப்பு பயணம் செய்கிறது. உழுந்தும் கோதுமை மாவும் செத்தல் மிளகாயும் சேர்த்து மெல்லிசாகத் தட்டிப் பொரித்த பருத்தித்துறை வடை பல நாள் இருந்தாலும் மொறுமொறுப்பு விடாததால், விமானப் பொதிகளில் அதற்கு முதல் இடம். நேசா எலியேசர் தொகுப்பாசிரியராக இருந்து 2003 இல் ஆங்கிலத்தில் வெளிவந்த யாழ்ப்பாணத் தமிழர் சமையல் நூல், தலைப்பிலேயே ஒடியல் கூழையும் குரக்கன் புட்டையும் ஏற்றி வைத்தது. ஆச்சியின் "கை கணக்கு" அதில் கரண்டிக் கணக்காக மாறிற்று. மாறத்தான் வேண்டும். ஸ்காபரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் பாரிஸ் லா சப்பலிலும் வளரும் பிள்ளைகளுக்கு எட்டிப் பார்த்துக் கேட்க வேலி இல்லை.

அளவு நூலில் ஏறிய பிறகும் வாய்ப்பேச்சு ஓயவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் ஒடியல் மாப் பைக்கற்றைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். பின்னால் நிற்கும் முன்பின் தெரியாத அம்மா ஒருவர் பேசாமல் இருக்க மாட்டார். "அதை வையுங்கோ தம்பி, இதைக் கொண்டுபோங்கோ. மூண்டு தரம் தண்ணி மாத்தோணும். நீங்கள் எந்த ஊர்?"