பூர்வீகம் தேடி 18 நாட்கள்
(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாணவர் சேர்க்கையின்போது தாய்மொழி எது என்று கேட்டு எழுதிக்கொள்கிறோம். ஆரணி போன்ற நெசவு ஊரில் தமிழ், தெலுங்கு, உருது, சௌராஷ்டிரம் என்று பல பதில்கள் வரும். அந்த விவரம் பதிவேட்டோடு நின்றுவிடுகிறது. அதை வகுப்பறைக்குள் எப்படிக் கொண்டுவரலாம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இந்த எண்ணம் ஒரு குடும்பப் பயணத்தில் வலுப்பட்டது.

எங்கள் வீட்டு மொழி சௌராஷ்டிரம். பட்டுநூல்காரர் என்று பிறர் அழைத்த நெசவாளர் சமூகம் எங்களுடையது. குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து கிளம்பி, தேவகிரி, விஜயநகரம் வழியாகத் தமிழகம் வந்தோம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். 2023 ஏப்ரலில் சோமநாதபுரத்தில் சௌராஷ்டிரா தமிழ்ச் சங்கமம் நடந்தபோது, இங்கிருந்து பலர் சிறப்பு ரயில்களில் போய்வந்தார்கள். அதைக் கேட்டதிலிருந்து, “கண் மூடுவதற்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்” என்றார் என் மாமியார். 40 ஆண்டுகள் தறியில் உட்கார்ந்தவர் அவர். அடுத்த கோடை விடுமுறையில் அவரும், கணவரும், எட்டாம் வகுப்பு மகளும், ஐந்தாம் வகுப்பு மகனும், நானுமாகக் கிளம்பினோம். சென்னையிலிருந்து அகமதாபாத்துக்கு ரயில் பயணமே ஒன்றரை நாள். மொத்தம் 18 நாட்கள்.

சோமநாதர் கோயிலில் மாமியார் வெகுநேரம் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இன்றுள்ள கோயில், விடுதலைக்குப் பின் கட்டப்பட்டு 1951-ல் திறக்கப்பட்டது. அங்கே விசாரித்தவர்களிடம், “எங்கள் முன்னோர் இந்தப் பக்கம்தான்” என்றோம். அன்போடு கேட்டார்கள். பிறகு, “தமிழ்நாட்டில் எந்த ஊர்?” என்றார்கள். அவர்களுக்கு நாங்கள் தமிழ்நாட்டுக்காரர்கள். அது சரியும்தான்.

ஜூனாகத்தில் கிர்னார் மலையடிவாரப் பாறையை ஆசிரியர்கள் வாய்ப்பிருந்தால் பார்க்க வேண்டும். ஒரே பாறையில் அசோகர், ருத்ரதாமன், ஸ்கந்தகுப்தர் ஆகிய மூவரின் எழுத்துகள். அசோகருடையது பிராகிருதம், கி.பி. 150-ஐ ஒட்டிய ருத்ரதாமன் கல்வெட்டு சமஸ்கிருதம். உடைந்த சுதர்சன ஏரியைப் பழுது பார்த்த செய்தியை அது சொல்கிறது. “ஒரே கல்லில் இரண்டு மொழியா?” என்று மகன் வியந்தான்.

ராஜ்கோட்டில் ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போனோம். எங்கள் ஊரில் ஜக்கார்டு அட்டை சொல்கிறபடி புட்டா விழும். அங்கே ஊடை நூலை முன்கூட்டியே கட்டிக் கட்டிச் சாயமேற்றுகிறார்கள். நெய்ய நெய்ய உருவம் தெரிகிறது. பாட்டனில் பாவு, ஊடை இரண்டையுமே அப்படிச் சாயமிடுவதால், ஒரு சேலைக்குப் பல மாதங்கள் ஆகும். அந்த வீட்டு அம்மா குஜராத்தியில் பேச, மாமியார் சௌராஷ்டிரத்தில் பதில் சொன்னார். பாதி புரிந்தது. மீதியைத் தறியைத் தொட்டுக் காட்டிப் பேசிக்கொண்டார்கள்.

என் மகளுக்குச் சௌராஷ்டிரம் புரியும். பதில் மட்டும் தமிழில்தான் வரும். அன்று அவளால் அந்தப் பேச்சில் சேர முடியவில்லை. இரவு விடுதியில் ஒரு நோட்டை எடுத்துப் பாட்டியிடம் சொற்களைக் கேட்டு எழுதத் தொடங்கினாள். தண்ணீருக்கு அவர்களும் நாங்களும் பாணி என்கிறோம். நான்கு, ஐந்து, ஏழு, எட்டு ஏறக்குறைய ஒன்றே. இரண்டில் பிரிகிறோம்: அவர்களுக்கு ‘பே’, எங்களுக்கு ‘தி’. கண்ணுக்கு நாங்கள் சொல்வது மராத்தியரின் ‘டோளா’. தெலுங்கும் கன்னடமும் தமிழும் எங்கள் பேச்சில் கலந்திருக்கின்றன. வந்த வழியெல்லாம் எங்கள் வாயிலேயே பதிந்திருக்கிறது. பூர்வீகத்துக்கு இதைவிட நெருங்கிய சான்று எங்கள் வீட்டில் வேறில்லை.

அந்தச் சான்று தேய்ந்து வருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 2 லட்சத்து 47 ஆயிரம் பேர். 2008-ல் யூனிகோடில் இடம்பெற்ற தனி எழுத்தும் உண்டு. அதை வாசிக்கத் தெரிந்தவர் எங்கள் உறவில் எவரும் இல்லை. தறியை விட்டுப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகும்போது, தறியடியில் புழங்கிய சொற்களும் போகின்றன.

ராஜ்கோட்டில் காந்தியடிகள் படித்த ஆல்ஃபிரட் உயர்நிலைப்பள்ளி இப்போது அருங்காட்சியகம். கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் படிக்க நான்கு ஆண்டுகள் பட்ட பாட்டை, குஜராத்தியில் ஓராண்டில் முடித்திருப்பேன் என்ற கருத்தை அவர் 1938-ல் ஹரிஜன் இதழில் எழுதினார். அந்த வகுப்பறைகளில் நடந்தபோது, வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வாழும் நம் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள்.

வீட்டு மொழியைப் பேசினால் தமிழ் கெட்டுவிடும் என்று பெற்றோர் சிலர் அஞ்சுகிறார்கள். டி.எம். சௌந்தரராஜனின் தமிழ் உச்சரிப்புக்கு யார் குறை சொல்ல முடியும்? ‘காதுகள்’ நாவலுக்காக 1993-ல் சாகித்திய அகாதமி விருது பெற்ற எம்.வி. வெங்கட்ராம், கும்பகோணத்துப் பட்டு நெசவுக் குடும்பத்தவர். இருவர் வீட்டு மொழியும் சௌராஷ்டிரம்தான். இதைப் பெற்றோரிடம் நாம் எடுத்துச் சொல்லலாம்.

செலவில்லாமல் செய்யக்கூடிய மூன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, தண்ணீர், வீடு, கை, மரம் போன்ற 20 சொற்களை எழுதி, ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுச் சொல்லையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். தமிழ் பேசும் பிள்ளைகளின் வட்டார வழக்கும் அதில் இடம்பெறட்டும். இரண்டு, தாத்தா பாட்டி எந்த ஊரிலிருந்து, என்ன தொழிலோடு வந்தார்கள் என்று கேட்டுவரச் சொல்லி, அந்த வழியை வரைபடத்தில் குறிக்கச் செய்யுங்கள். சமூக அறிவியல் பாடம் அங்கிருந்தே தொடங்கும். மூன்று, பாடத்தில் திணறும் பிள்ளையை முதலில் வீட்டு மொழியில் சொல்ல விடுங்கள். உடன் படிக்கும் ஒரு பிள்ளை அதைத் தமிழில் சொல்லட்டும்.

எல்லாக் குடும்பங்களாலும் 18 நாட்கள் பயணம் போக முடியாது. தறி ஓடினால்தான் அன்றைய அடுப்பு எரியும் என்ற நிலையில் இருப்பவர்கள் நம் பெற்றோரில் அதிகம். அவர்களுடைய பிள்ளைகளும் தாம் வந்த வழியை அறிந்துகொள்ள நம் வகுப்பறை போதும். வரும் கல்வியாண்டில் முதல் வாரத்திலேயே அந்த 20 சொற்களோடு தொடங்குவோம்.