உத்தியோகசாலையில் ஒருவரைப் பலர் வருத்துதல்



உத்தியோகசாலையில் பலர் கூடி ஒருவரை ஒதுக்கி வருத்தும் கொடுமையை, 1980-களில் ஸ்வீடன் தேசத்தில் ஹைன்ஸ் லேமன் என்னும் மனோதத்துவ சாஸ்திரி ஆராய்ந்தார். பேசாதிருத்தல், வேலையைப் பறித்தல், புறங்கூறல் ஆகியன அதன் ஆயுதங்கள். வாரம் ஒருமுறையேனும், ஆறு மாதமேனும் தொடர்வதையே அவர் இக்கொடுமையெனக் கணக்கிட்டார். அகப்பட்டவர் உறக்கமிழந்து, தம் திறமையிலேயே ஐயுற்று, ஈற்றில் உத்தியோகத்தையும் இழப்பர். பழியும் அவர்மீதே விழும். 1993-இல் அத்தேசத்தார் இதனைத் தடுக்க விதி செய்தனர்.

நம் வீட்டுப் பிள்ளை வாடிய முகத்துடன் திரும்பினால், ‘பொறுத்துப் போ’ என்று வாயடைக்காது கேளுங்கள். நடந்ததை நாளுடன் குறித்து வைக்கச் சொல்லுங்கள். பிறிதொன்றும் சொல்வேன்: நம்மவர் பலர் கூடியுள்ள ஆபீசில், தனித்த அயலார் ஒருவரை நாமே அவ்வாறு வருத்துவோமாயின், இச்சங்கத்திற்கு அதனினும் பெரிய இழுக்கு வேறில்லை.