வேருக்குத் துணை நிற்கும் வேம்

(ஐயங்கார்குளம் குழுக் கூட்டத்தில் பேசியது)

குழுவுல கடன் வாங்கி டி.ஏ.பி. போடுறோம். அதிலுள்ள மணிச்சத்தில் பெரும்பகுதி மண்ணோடு ஒட்டிக்கொள்கிறது, பயிருக்கு எட்டுவதில்லை. 'வேம்' எனும் நன்மை செய்யும் பூஞ்சாணம் வேருக்குள் குடியேறி, தலைமுடியைவிட மெல்லிய இழைகளை மண்ணுக்குள் நீட்டி, தூரத்து மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் இழுத்துத் தருகிறது. கூலி? பயிர் தரும் சர்க்கரைதான்!

நாற்றங்காலில் இடுவதே சிக்கனம் என்பது எங்கள் கருத்து. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வது சதுர மீட்டருக்கு 100 கிராம். 2-3 செ.மீ. ஆழத்தில் இட்டு, அதற்கு மேலே மிளகாய், கத்தரி விதைக்கணும். பூஞ்சாணக்கொல்லி கலந்த விதை வேண்டாம், இதுவும் பூஞ்சாணம்தானே! முட்டைக்கோஸ், முள்ளங்கி வேரில் இது ஒட்டாது. டி.ஏ.பி.யை அள்ளிக் கொட்டிய நிலத்திலும் சரியாகப் பிடிக்காது. அதனால அடுத்த கூட்டத்துக்கு மண் பரிசோதனை அட்டையோட வாங்க. எவ்வளவு உரம் குறைக்கலாம்னு சேர்ந்து பார்ப்போம்.