பழைய மயில்களோடு புது மயிலைச் சேர்ப்பது



ஷ்வேப்யிதாவிலிருந்து ஒரு நேயர் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் வீட்டில் ஓர் ஆண் மயிலும் மூன்று பெட்டைகளும் பல வருடமாக இருக்கின்றன. எல்லாம் நீல மயில். நம் கோயில் படங்களில் முருகனுக்குப் பக்கத்தில் நிற்கும் மயில்தான். இரண்டு வருடமாக முட்டைகள் சரியாகப் பொரிப்பதில்லை. பொரித்த குஞ்சுகளும் தங்குவதில்லை. மூன்று பெட்டைகளுமே அந்த ஆண் மயிலுக்குப் பிறந்தவை என்று அவரே எழுதுகிறார். "ஐயா, வேறு ஆண் மயில் ஒன்றைக் கொண்டுவந்து விடலாமா? மேல் பர்மாவிலிருந்து பச்சை மயில் பிடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார், வாங்கலாமா?" என்று கேட்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வாங்க வேண்டாம்.

பச்சை மயில் என்பது பர்மியர்கள் டௌங் என்று சொல்லும் பறவை. மிண்டோன் மன்னர் அடித்த வெள்ளிக் காசில் தோகை விரித்து நிற்பது அதுதான். அதன் கழுத்து நீலமாக இராது, செதில் செதிலாகப் பச்சையும் பொன்னுமாக இருக்கும். கொண்டை விசிறி மாதிரி விரியாமல் ஒரே கற்றையாக நெட்டுக்குத்தாக நிற்கும். பெட்டையும் ஏறக்குறைய ஆணைப் போலவே மின்னும். ஒரு காலத்தில் தென்கிழக்காசியா எங்கும் சாதாரணமாகத் திரிந்த இந்தப் பறவை மலாயாவில் அடியோடு அழிந்துபோனது. 2009இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவித்தது. இந்த நாட்டில் 1994ஆம் வருடத்து வனவிலங்குச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 2018ஆம் வருடத்துச் சட்டமும் காட்டு உயிர்களைப் பாதுகாக்கின்றன. காட்டில் பிடித்த மயிலை வாங்கினால், பிடித்தவரோடு வாங்கியவரும் மாட்டிக்கொள்வார்.

இன்னொரு காரணமும் உண்டு. நீல மயிலும் பச்சை மயிலும் கூடினால் குஞ்சு பொரிக்கும். அந்தக் கலப்புக் குஞ்சு வளர்ந்து, அதுவும் குஞ்சு பொரிக்கும். கோவேறு கழுதை மாதிரி அதோடு நின்றுவிடாது. அமெரிக்காவில் இந்தக் கலப்பை ஸ்பால்டிங் மயில் என்று பெயர் வைத்து விற்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் இப்படிக் கலந்துகொண்டே போனால் கடைசியில் அசல் பச்சை மயில் எது என்றே தெரியாமல் போகும்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் ஒரு குஞ்சைக் கூடையில் கொண்டுவரட்டுமே என்றும் நினைக்க வேண்டாம். இந்தியா 1963இல் மயிலைத் தேசியப் பறவை ஆக்கியது. 1972ஆம் வருடத்து வனவிலங்குச் சட்டத்தில் அது முதல் அட்டவணையில் இருக்கிறது. ஆகவே வளர்ப்பில் பிறந்த நீல மயிலாகத் தேடுங்கள். எங்கிருந்து வந்தது என்பதற்கு எழுத்தில் ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள். வளர்க்க அனுமதி வேண்டுமா என்று வனத்துறையிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். ஆண் மயில்கள் தீனிக்காகச் சண்டை போடுவதைவிட இடத்துக்காகப் போடுவதுதான் அதிகம். தோகை விரித்து ஆடுவதற்கென்று ஒவ்வோர் ஆணும் ஒரு சின்னத் தரையைப் பிடித்து வைத்திருக்கும். இங்கிலாந்தில் விப்ஸ்னேட் என்ற மிருகக்காட்சிப் பூங்காவில் மயில்கள் திறந்தவெளியில் திரிகின்றன. அங்கே மரியன் பெட்ரி என்ற அம்மையாரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். அண்ணன் தம்பிகளையும் வேற்றுக் குஞ்சுகளையும் கலந்து வளர்த்துப் பூங்காவில் விட்டார்கள். எது தன் உடன்பிறப்பு என்று அவற்றுக்குத் தெரிய வழியே இல்லை. அப்படியிருந்தும் வளர்ந்த பிறகு அண்ணன் தம்பிகள் பக்கத்துப் பக்கத்தில் இடம் பிடித்திருந்தன. 1999இல் இது நேச்சர் இதழில் வந்தது. எப்படிக் கண்டுகொண்டன என்பது விளங்கவில்லை.

நமக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. சொந்த ரத்தம் என்றால் ஒருவேளை ஒத்துப்போகலாம். ஆனால் நம் நேயருக்கு வேண்டியது வேற்று ரத்தம். அப்போதுதான் முட்டை பொரிக்கும். ஆகவே வருகிற மயில் அன்னியனாகத்தான் இருக்க வேண்டும். பழைய மயிலும் அதை அன்னியனாகத்தான் பார்க்கும்.

கொண்டுவந்த அன்றே உள்ளே விடக்கூடாது. குறைந்தது 30 நாள் தள்ளிவைக்க வேண்டும். ஒரே கொட்டகையின் மறு மூலை போதாது, வீட்டின் மறுபக்கம் வேண்டும். தண்ணீர்த் தட்டு, தீனித் தட்டு, துடைப்பம் எல்லாம் தனி. முதலில் பழைய மயில்களைக் கவனித்துவிட்டுப் பிறகுதான் புதியதிடம் போக வேண்டும். அங்கே போட்ட செருப்போடு இந்தப் பக்கம் வரக்கூடாது. 2006 மார்ச்சில் மண்டலே பக்கமும், 2007இல் யாங்கூனிலும் பறவைக் காய்ச்சல் வந்தபோது எத்தனை வீட்டுக் கோழிகள் போயின என்பது பலருக்கு நினைவிருக்கும்.

நாட்டுக்கோழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோழியின் குடலில் இருக்கும் ஒரு சிறு புழுவின் முட்டை வழியாக பிளாக்ஹெட் என்ற நோய் பரவுகிறது. கோழி பெரும்பாலும் அதைத் தாங்கிக்கொள்ளும், மயிலோ, முக்கியமாகக் குஞ்சு, செத்துப்போகும். எச்சம் கந்தக மஞ்சளாக வந்தால் சந்தேகப்படுங்கள். கோழி மேய்ந்த தரையில் மயிலை விட வேண்டாம். தள்ளிவைத்திருக்கும் நாட்களில் கால்நடை மருத்துவரிடம் எச்சத்தைக் காட்டி, அவர் சொல்லும் அளவில் குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள்.

பிறகு இரண்டு மூன்று வாரம் பக்கத்துக் கூண்டில் வையுங்கள். நடுவே கம்பி வலை இருக்கட்டும். அடியில் இரண்டடி உயரத்துக்குப் பலகையோ தகரமோ அடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வலையின் வழியாகவே கொத்தி, உதைத்து, அலகும் கால் முள்ளும் உடையும். பலர் இந்தப் பலகையை விட்டுவிடுகிறார்கள்.

சேர்ப்பதற்கு நல்ல காலம் தோகை உதிர்ந்த பிறகு, மழைக்காலத்தின் கடைசிப் பகுதி. அப்போது ஆண் மயிலுக்கு முறுக்குக் குறைந்திருக்கும். தோகையோடு அகவிக்கொண்டு திரியும் மாதங்களில் சேர்த்தால் ரத்தம் பார்க்காமல் முடியாது. இரவில் மெதுவாகக் கொண்டுபோய்க் கம்பத்தில் உட்காரவைத்தால் விடிந்ததும் தெரியாது என்பார்கள். கோழிக்கு அது பலிக்கலாம். ஆண் மயிலிடம் நான் அதை நம்பமாட்டேன்.

பழைய மயிலின் சொந்தத் தரைக்குள் புதியதை விடுவதைவிட, எல்லாவற்றையும் ஒன்றாக வேறொரு தரைக்கு மாற்றுவது நல்லது. முடியாவிட்டால் உட்காரும் கம்பங்களையாவது இடம் மாற்றிக் கட்டுங்கள். தீனி மூன்று இடத்தில், தண்ணீர் மூன்று இடத்தில் இருக்கட்டும். ஒளிந்துகொள்ள ஓலைத் தட்டி நாலு சாய்த்து வையுங்கள். முதல் நாட்களில் காலையிலும் மாலையிலும் பக்கத்திலேயே இருங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து முறைப்பதும், ஒரு தடவை எகிறி உதைப்பதும் சண்டையல்ல, பேச்சுவார்த்தை. ஒன்று மூலையில் தலையைத் தொங்கவிட்டுத் தீனிக்கு வராமல் நின்றால், அல்லது தலையில் ரத்தம் தெரிந்தால், மறுநாள் வரை பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே பிரித்துவிட வேண்டும்.

இவ்வளவும் இடம் உள்ளவர்களுக்கு. ஷ்வேப்யிதாவில் பல வீட்டு மனை நாற்பதடிக்கு அறுபதடி, சிலது அதிலும் பாதி. வீடு போக மிஞ்சும் தரையில் வளர்ந்த ஆண் மயில் இரண்டு ஒத்து வாழும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் நேயருக்கு நான் சொல்வது இதுதான். ஒன்று, பழைய ஆணை நல்ல கையில் கொடுத்துவிட்டு, புதியதை மூன்று பெட்டைகளோடு மேலே சொன்ன முறையில் சேர்க்கட்டும். அல்லது பழைய ஆணை வைத்துக்கொண்டு, வேறிடத்திலிருந்து இரண்டு இளம் பெட்டைகளை வாங்கட்டும். பெட்டைகளைச் சேர்ப்பது சுலபம். நாலு நாள் கொத்திவிட்டு அடங்கிவிடும்.

திறந்துவிட்டு வளர்ப்பவர்களுக்கு ஒன்று. புதிய மயிலைக் குறைந்தது ஆறு வாரமாவது கூண்டில் வைத்த பிறகே வெளியே விடுங்கள். முன்னதாக விட்டால் பறந்துவிடும், தெரு நாய் வாயில் போகும், அல்லது லைன் ஆற்றுப் பக்கம் போய் வழி தெரியாமல் நிற்கும். புது ஊரில் முதல் இரண்டு மாதம் எப்படிப் போகும் என்பதை, 1942இல் நடந்தே போய் யுத்தம் முடிந்து திரும்பி வந்த நம் குடும்பங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முதல் நாள் மாலையில், தீனி வைக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால், பசியோடு திறந்துவிடுங்கள். நொய்யரிசித் தட்டைத் தட்டிக் கூப்பிட்டால் இருட்டுவதற்குள் கூண்டுக்குத் திரும்பிவிடும்.